பார்க்கிங் தரையில் பள்ளம், ஆட்டம், விரிசல்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் பார்க்கிங் தரை பெரும்பாலும் மூன்று வகைதான்: பேவர் பிளாக், தார், கான்கிரீட். மூன்றும் கெடுவதற்கு இரண்டு காரணங்களே முக்கியம். ஒன்று, உள்ளே இறங்கிவிட்டு வெளியேற வழியில்லாமல் தங்கும் தண்ணீர். இன்னொன்று, காருக்காகப் போட்ட தரையில் லாரி ஏறுவது. மேலே தெரிகிற குழியை மட்டும் பார்த்து ஒரு பாண்டு சிமென்ட் கலவையைக் கொட்டி மூடினால், ஐப்பசி மழையில் அதே இடம் மறுபடி வாயைப் பிளக்கும். சங்கத்துப் பணம் போனது போனதுதான்.

அதனால் மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்கி, எங்கெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அதன் ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத மாதமென்றால் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். பிறகு மூன்று மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பட்டியைத் தரையில் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று அளந்து குறியுங்கள். கடைசியாக, பள்ளத்துக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள்: சம்ப், கழிவுநீர்ச் சேம்பர், மழைநீர்க் குழி, மரம், தண்ணீர்க் குழாய். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு இந்தப் பட்டியலே பதில் சொல்லிவிடும்.

பேவர் பிளாக் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பள்ளம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேட்டிலிருந்து சம்ப் வரை இரண்டு நீளக் கோடுகளாக அமுங்கியிருந்தால் அது தண்ணீர் லாரியின் டயர்த் தடம். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். லாரியின் சொந்த எடை அதற்கு மேல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ என்ற நெடுஞ்சாலை அதிகாரிகள் அமைப்பின் சாலைச் சோதனையில் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: அச்சின் மேல் வரும் சுமை இரண்டு மடங்கானால் தரைக்கு வரும் சேதம் கிட்டத்தட்ட பதினாறு மடங்காகும். ஒரு தண்ணீர் லாரி ஒருமுறை வந்து போவதும் சில ஆயிரம் கார்கள் வந்து போவதும் தரைக்கு ஒன்றுதான். நம் ஊரில் கோடைக்காலத்தில் இந்த லாரி தினமும் வருகிற வளாகங்கள் எத்தனையோ இருக்கின்றன. பேவர் கல்லுக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 15658, லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ. தடிமனில் எம்35 கல்லையும் (எம் என்பது கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் எண்), நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. தடிமனில் எம்40 கல்லையும் சொல்கிறது. பில்டர்கள் வளாகம் முழுக்க 60 போட்டுவிட்டுப் போய்விடுவது வழக்கம். லாரி வரும் பாதையை மட்டும் பெயர்த்து, அடியில் ஜல்லிப் படுகையைப் புதிதாகப் போட்டு, மேலே 80 மி.மீ. கல் வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. முழு வளாகத்தையும் மாற்றத் தேவையில்லை. அதுவரை, சம்ப் வாயிலிருந்து நீளமான ஹோஸ் போட்டு லாரியைக் கேட் அருகிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

வட்டமாக, ஒரு சேம்பரையோ குழியையோ சுற்றி அமுங்கியிருந்தால், கட்டும்போது அந்தக் குழியைச் சுற்றித் தோண்டிய மண்ணைச் சரியாகக் கெட்டிப்படுத்தாமல் தள்ளி மூடியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, ஏற்கெனவே போட்டிருந்த பார்க்கிங் தரையை உடைத்துத்தான் பல இடங்களில் குழி எடுத்தார்கள். அவசரத்தில் மூடிய இடங்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. மழைநீர்க் குழியின் உறைகளுக்கு இடையிலோ சேம்பரின் செங்கல் சுவரிலோ ஓட்டை இருந்தால் மணல் அதற்குள் வடிந்து போய்க்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். அடியில் பேவர் மணல் குவிந்திருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. முதலில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். கல்லைத் தொடுவது அப்புறம்.

திடீரென்று ஒரே இடத்தில், முறத்தளவுக்குப் பொத்தென்று இறங்கியிருந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, கீழே ஓடும் தண்ணீர்க் குழாயில் கசிவு. இரவு எல்லோரும் தூங்கிய பிறகும் டேங்கில் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இன்னொன்று பெருச்சாளி. சென்னையில் இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. சுவர் ஓரமாகவோ கழிவுநீர்ச் சேம்பர் பக்கமோ புது மண் குவியல் தெரிந்தால் வளை இருக்கிறது. கல்லை எடுத்து, வளையை முனை வரை தோண்டி, உடைந்த கான்கிரீட் துண்டும் சிமென்ட் கலவையும் போட்டு அடைக்க வேண்டும். அது நுழைந்த வழி, பெரும்பாலும் உடைந்த சேம்பர் மூடியோ குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியோதான். அதை மூடாவிட்டால் பக்கத்தில் வேறு வளை தோண்டும்.

கல்லை எடுத்துத் திரும்ப வைக்கும் முறை

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் இந்த வேலை. பேவர் பிளாக்கின் பெரிய நன்மையே, அதே கல்லை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைக்கலாம் என்பது. உடைத்து எறிந்துவிட்டுப் புதுக்கல் வாங்கச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

அமுங்கிய பகுதிக்கு வெளியே நல்ல தரையிலும் இரண்டடி சேர்த்துச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோலம் மாறாமல் இருக்க ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கல்லை எடுப்பதுதான் சிரமம். இடுக்கில் உள்ள மணலை மெல்லிய பட்டையால் சுரண்டிவிட்டு, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஸ்குரூ டிரைவர்களை விட்டு மாற்றி மாற்றி நெம்பினால் மேலே வரும். வராவிட்டால் அந்த ஒரு கல்லை மட்டும் உடைத்துவிடலாம். மற்றவை கையோடு வந்துவிடும்.

இப்போது கீழே உள்ள மணலை வழித்துவிட்டு ஒரு கம்பியால் படுகையைக் குத்திப் பாருங்கள். கம்பி ‘டக்’ என்று ஜல்லியில் முட்டி நின்றால் படுகை நன்றாக இருக்கிறது, மணல் மட்டும்தான் போயிருக்கிறது. கம்பி தன்னால் இறங்கினாலோ, எடுக்கும்போது நுனியில் ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தாலோ கோளாறு படுகையில். கெட்டியான மண் வரும் வரை தோண்டத்தான் வேண்டும். தோண்டிய இடத்தைச் சவுடு மண்ணாலோ இடிபாட்டு ரப்பிஷாலோ நிரப்ப விடாதீர்கள். பெரிய ஜல்லியும் சிறியதும் கிரஷர் டஸ்ட்டும் சரியாகக் கலந்த வெட் மிக்ஸ் கலவை கிடைக்கும். அதை நான்கு அங்குல அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அடுக்குக்கு அடுக்கு இயந்திரத்தால் இடிக்க வேண்டும். ஒரே தடவையில் ஒரு அடி கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி இளகியேதான் கிடக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் போல களிமண் உள்ள இடங்களில், படுகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால் களி மேலே ஏறி ஜல்லியோடு கலக்காது. துணிக்கு ஆகும் செலவு வேலையின் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான்.

அடுத்தது மணல். இடித்த பிறகு 20 முதல் 40 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். மேடுபள்ளத்தைச் சரிக்கட்ட மணலையே நான்கு அங்குலம் கொட்டும் ஆட்கள் உண்டு. அந்த இடம் மறுபடி அமுங்கியே தீரும். மட்டத்தைப் படுகையிலேயே சரிசெய்துவிட்டு வந்தால்தான் மேலே எல்லாம் சரியாக உட்காரும். மணலுக்குப் பதிலாகக் குவாரி டஸ்ட் போடுகிற பழக்கமும் எங்கும் இருக்கிறது, விலை குறைவு என்பதால். அதில் மாவு அதிகம். தண்ணீர் இறங்கினால் சேறாகி, வண்டி ஏறும்போதெல்லாம் இடுக்கு வழியாக வெளியே பீச்சும். வரும் மணலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். மணலுக்கு மேலே வண்டல் பட்டையாகப் படிந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டு சதுரக் குழாய்களைத் தண்டவாளம்போல் வைத்து, அவற்றின் மேல் பட்டியை இழுத்து மணலைச் சமன்படுத்துங்கள். இழுத்த மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது. கற்களைப் பக்கத்துத் தரையைவிட 6 முதல் 10 மி.மீ. உயரமாக வையுங்கள். பார்க்கக் கோணலாகத் தெரியும், கவலைப்படாதீர்கள். பிளேட் காம்பாக்டரை (அடித்தட்டு அதிர்ந்து இடிக்கும் இயந்திரம்) ஓட்டியதும் மட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். பிறகு 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து நன்றாகக் காயவைத்த மணலை மேலே தூவி, துடைப்பத்தால் இடுக்குக்குள் தள்ளி, மறுபடி இயந்திரத்தை ஓட்டி, மறுபடி தூவுங்கள். ஒருமுறை தூவியதோடு பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். முதல் ஓட்டத்தில் மணல் கீழே இறங்கிவிடும், இடுக்கு பாதி காலியாகத்தான் இருக்கும்.

கல் ஆடுகிறது, காலை வைத்தால் ‘டொக்’ என்கிறது

இடுக்கில் மணல் இல்லை. அவ்வளவுதான். பேவர் தரை சுமையைத் தாங்குவதே, ஒரு கல் தன் மேல் வரும் சுமையை இடுக்கு மணல் வழியாகப் பக்கத்துக் கற்களுக்குக் கொடுப்பதால்தான். மணல் போனால் ஒவ்வொரு கல்லும் தனி ஆளாகிவிடும். கார் கழுவும் பிரஷர் பம்ப்பின் முனையை நேராக இடுக்கில் பிடிப்பதும், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் நேராகத் தரையில் கொட்டுவதும் மணலை அரித்துவிடும். குழாயின் வாயை மழைநீர்க் குழிக்குத் திருப்பிவிட்டு, இடுக்கை மணலால் நிரப்பினால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்குப் பிறகு தரை காய்ந்திருக்கும்போது செய்யலாம். ஈர மணல் இடுக்கில் இறங்காது.

இதற்குச் சிமென்ட் பால் ஊற்றுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. ஊற்றிய அன்று அசையாமல் அழகாக இருக்கும். வெயிலில் கல் விரிந்து சுருங்கும்போது அந்தச் சிமென்ட் கோடுகோடாகப் பிளக்கும். பிளந்த வழியே தண்ணீர் இறங்கும், ஆனால் மேலே வந்து காயாது. கடைசியில் எடுத்துத் திரும்ப வைக்கவும் முடியாதபடி கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிடும்.

இடுக்கு அகன்றுகொண்டே போகிறது, வரிசை வளைகிறது

இடுக்கு 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம். விரல் நுனி நுழையும் அளவு வந்துவிட்டால் ஓரத்தைப் பாருங்கள். ஓரக்கல் சாய்ந்திருக்கும், அல்லது ஓரமே இருக்காது. கல்லைச் செடிப் பாத்தியின் மண்ணோடு நிறுத்தியிருப்பார்கள். கான்கிரீட் அடித்தளத்தில் பதித்து, பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்த ஓரக்கல் இருந்தால்தான் கல் நகராது. வண்டி திரும்பும் இடத்தில் நேர்வரிசைக் கோலம் எளிதில் நகரும். மீன்முள் கோலத்தில் அடுக்கினால் டயரின் முறுக்கலைத் தாங்கும்.

கற்களை வேர் தூக்குகிறது

வேரை வெட்டித் தள்ளிவிட்டுக் கல்லைத் திரும்பப் பதிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு, வேரைக் குறைத்த மரம் காற்றில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நின்றால் நிழல், விழுந்தால் நான்கு கார். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கல்லையே எடுத்துவிட்டு மண்ணைத் திறந்துவிடுங்கள். டெல்லி மரங்களுக்கு இந்த ஒரு மீட்டரைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவாகவே போட்டது. அதற்கு வெளியேயும் வேர் தூக்கினால் அந்த இடத்தில் மட்டும் தரையின் மட்டத்தை மெல்ல ஏற்றிச் சரிவாக விடலாம். மேல் மண்ணில் காற்றும் ஈரமும் கிடைத்தால் வேர் கல்லுக்கு அடியில் நெருக்கியடித்து வளர்வதும் குறையும்.

தண்ணீர் நிற்கிறது, ஆனால் தரை அமுங்கவில்லை

வாட்டம் போதவில்லை. நூறு செ.மீ.க்கு இரண்டு செ.மீ. இறக்கம் இருந்தால் பேவர், தார் இரண்டிலும் தண்ணீர் நிற்காமல் ஓடும். அதற்கு முன் வடிகால் ஜாலியைப் பாருங்கள். பல இடங்களில் ஜாலி தரையைவிட உயரமாக உட்கார்ந்திருக்கும், அல்லது புங்கை இலை அடைத்திருக்கும். ஜாலியை 5 மி.மீ. தாழ்த்தி வைத்ததுமே பாதித் தேக்கம் போய்விடும். தெருவை மேலே மேலே உயர்த்திப் போட்டதால் வளாகமே பள்ளமாகிவிட்ட இடங்களில் இது போதாது. அங்கே சேகரிப்புக் குழியும் பம்ப்பும்தான் வழி.

தார்த் தரை: வெடிப்பு, பெயர்ச்சி, குழி

தனித்தனி நீள வெடிப்பா, முதலைத் தோல் மாதிரி சின்னச் சின்னக் கட்டமாக உடைந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது, தார் வயதாகி இறுகியதால் வருவது. 3 மி.மீ.க்கு மேல் அகலமென்றால் இடுக்கைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த தார் சீலன்ட்டைச் சூடாக ஊற்ற வேண்டும். அதைவிட மெல்லியதற்கு மெதுவாக இறுகும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூச்சு போதும். முதலைத் தோல் வந்துவிட்டால் மேலே என்ன பூசினாலும் வீண். அடிப்படுகை போய்விட்டது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் படுகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜல்லி உதிர்ந்து, பெருக்கும்போது துடைப்பத்தோடு வருகிறதா? ஆரம்ப நிலையென்றால் ஸ்லரி சீல் (எமல்ஷனும் பொடி ஜல்லியும் கலந்த மெல்லிய பூச்சு) போட்டுக் காப்பாற்றலாம். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் அது குழியாகும்.

குழியை அடைக்க முதலில் அதைச் சதுரமாக வெட்டுங்கள். ஓரங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். வட்டக் குழியின் மெலிந்த ஓரத்தில் போட்ட தார் அப்பளமாக உதிரும். உள்ளே ஒரு பொட்டு மண், ஈரம் இல்லாமல் துடைத்து, அடியிலும் பக்கச் சுவரிலும் சீக்கிரம் இறுகும் ஆர்.எஸ்-1 வகை எமல்ஷனை மெல்லிதாகப் பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிரிந்து கருப்பாக மாறும். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த நேரத்தில்தான் கலவையைப் போட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் உள்ளே தண்ணீரையும் சேர்த்து மூடியதாகிவிடும். குழி ஆழமென்றால் இரண்டு அங்குல அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இடியுங்கள். கடைசி அடுக்கு பக்கத்துத் தரையைவிட இம்மி உயரமாக நிற்கட்டும். சின்னக் குழிகளுக்குச் சூடு தேவையில்லாத, மூட்டையில் வரும் ரெடிமேட் கலவையே போதும். பத்துச் சதுர அடி வேலைக்குச் சூடான தாரை வெளியிலிருந்து வரவழைத்தால், வந்து சேர்வதற்குள் அது ஆறிப்போயிருக்கும். ஆறிய தாரை எவ்வளவு இடித்தாலும் பிடிக்காது.

கார் நிற்கும் இடத்தில் மட்டும் கருப்பாக மின்னி மெத்தென்று இருக்கிறதா? டீசலோ என்ஜின் ஆயிலோ சொட்டியிருக்கிறது. இவை தாரைக் கரைத்துவிடும். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும், டீசல் தங்கி வேலை செய்யும் என்பதால் அதுதான் மோசம். ஸ்குரூ டிரைவர் முனை தானாக இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். மேலே பூசினால் ஒட்டாது. சித்திரை வெயிலில் டூ வீலரின் சைடு ஸ்டாண்டு குத்தி இறங்குவது வேறு விஷயம். அதற்கு டூ வீலர் நிறுத்தும் பகுதியைப் பேவராக மாற்றுவதே நல்லது. உடனடிக்கு, ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தகரத் துண்டு.

கான்கிரீட்: விரிசலும் தூசியும்

தலைமயிர் அளவு விரிசலை விட்டுவிடுங்கள். அகலமானதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை எபாக்ஸியால் ஒட்டி, தேதி எழுதி, சில வாரம் வையுங்கள். வண்டி ஏறாத இடமாகப் பார்த்து ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது: வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, பாலியூரித்தேன் சீலன்ட் போல வளைந்துகொடுக்கும் பொருளால் அடைக்க வேண்டும். உடையாவிட்டால் தண்ணீர்போல் இளகி ஓடும் வகை எபாக்ஸியைச் செலுத்தலாம். விரிசலின் ஒரு பக்கம் இன்னொன்றைவிடத் தாழ்ந்திருந்தால் அடி மண் இறங்கிவிட்டது. சுத்தியலால் தட்டினால் பொள்ளலாகக் கேட்கும். அங்கே பலகத்தை வெட்டி மண்ணைச் சரிசெய்யாமல் மேலே பூசுவதில் பயனில்லை.

புதிதாகப் போடும்போதே விரிசலைக் குறைக்கலாம். தடிமனில் கால் பங்காவது ஆழமாக, நான்கு மீட்டருக்கு ஒன்றாக இடைவெட்டுப் போட வேண்டும், அதுவும் போட்ட மறுநாளுக்குள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. சிமென்ட் (சாம்பல் கலந்த, மெதுவாக இறுகும் வகை) என்பதால் பத்து நாளாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாக்கு போட்டு மூன்று நாளோடு விட்ட தரைதான் பிறகு மாவாக உதிர்கிறது. அப்படி உதிரும் ஸ்டில்ட் தரைக்கு (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்) சோடியம் அல்லது லித்தியம் சிலிக்கேட் ஹார்டனர் இரண்டு தடவை அடித்தால் மேல்பரப்பு இறுகும். வழவழப்பான டைல்ஸை அதன் மேல் ஒட்ட வேண்டாம். மழையில் நனைந்த டயரும் செருப்பும் வழுக்கும், டைல்ஸும் பொள்ளல் விழுந்து உடையும்.

வெள்ளைப் படிவு, பாசி, எண்ணெய்க் கறை

புதுப் பேவரில் வரும் வெள்ளைப் படிவு சிமென்ட்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பு. பலத்துக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த பிரஷால் தேய்த்தால் குறையும், சில மழைகளில் தானே போகும். ஆசிட் ஊற்றினால் படிவோடு கல்லின் முகமும் அரித்துப் போய், ஜல்லி தெரிய ஆரம்பிக்கும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். செடி, மரத்தடிப் பக்கம் ஓட விடாதீர்கள். எண்ணெய் சொட்டினால் உடனே மரத்தூளோ காய்ந்த மணலோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பிறகு சோப்புக் கரைசலும் முரட்டு பிரஷும். ஊறிப்போன கறையென்றால் அந்தக் கல்லை எடுத்து, அழுக்கு முகம் கீழே போகும்படி புரட்டி வையுங்கள். ஓரம் சீவாத, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள ஜிக்ஜாக் கற்களில் இது நடக்கும். இல்லையென்றால் செடிப் பாத்தி ஓரத்துக் கல்லோடு இடம் மாற்றிக்கொள்ளலாம்.